சங்குக்கு ஒரு துண்டு பொறை

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பத்துப் பதினைந்து குடும்பங்களாகக் குடியிருந்த வளவில் கடிகாரம் பார்ப்பவர் யாரும் இல்லை. ஷிப்டு மாறும்போது ஊதுகிற மில் சங்குதான் எல்லாவற்றுக்கும் கணக்கு. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, நடுச்சாமத்தில் ஒன்று. சங்கு ஊத ஆரம்பித்ததும் எங்கள் நாய் மூக்கை மேலே தூக்கி ஊளையிடும். சங்கு நிற்கும்வரை அதுவும் நிறுத்தாது.

அந்த நாயை நாங்கள் தேடிப் போய் வளர்க்கவில்லை. மில் வாசலில் கிடந்தது. என் வீட்டுக்காரர் டீயில் நனைத்துத் தின்னும் பொறை ரொட்டியில் பாதியை அதற்குப் போடுவார். பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து, இனி வேலைக்கு ஆகாது என்று அவரை அனுப்பிவிட்ட அன்று அது பின்னாலேயே வந்து எங்கள் வாசலில் படுத்துக்கொண்டது. இத்தனை வருஷ உழைப்புக்கு மில் கொடுத்த சன்மானம் இதுதான் என்று நான் கேலி செய்தேன். அப்போது எனக்குக் கேலி பேசத் தெம்பு இருந்தது.

அவர் கட்டிலோடு கிடக்க ஆரம்பித்ததும் ஊளைக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. நோயாளி இருக்கிற வீட்டு வாசலில் நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்பார்கள். சங்கு ஊதும், நாய் ஊளையிடும், வளவுப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு எங்கள் வாசலை எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று பார்க்கிற பார்வை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய அண்ணனுக்கு வாடிப்பட்டியில் விவசாயம். வாரம் ஒருமுறை பஸ் ஏறி, பையில் எதையாவது கட்டிக்கொண்டு வருவார். தம்பி என்றால் உயிர். தம்பிக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் அவர் நாயை அடித்தார். வந்திருக்கிற அன்று சங்கு ஊதும் போதெல்லாம் பழைய சைக்கிள் டியூபை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். அடி விழ விழ ஊளை கூடியதே தவிரக் குறையவில்லை.

கடைசியில் ஒருநாள், "அடுத்த வாரம் சாக்கோட வாரேன். கட்டித் தூக்கிட்டுப் போயி ஆத்துக்கு அங்கிட்டு விட்டுர்றேன்" என்றார். உயிரோடு விடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அத ஒண்ணும் செய்யாதீகண்ணே" என்றார் இவர். "அது எமனக் கூப்புடல. சங்குக்குப் பதில் சொல்லுது. நானும் இம்புட்டு வருசமா அதுக்குத்தானே பதில் சொன்னேன்."

அண்ணன் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அது ஊளையிட்டா எல்லாரும் என்னயத்தான் பாக்குறாக புள்ள. செத்தவனப் பாக்குறாப்புல பாக்குறாக. இருக்கிற மட்டும் என்னய உசுரோட இருக்கவனாப் பாக்கட்டும். போயி பொறை வாங்கிட்டு வா."

சிம்மக்கல்லில் மொத்தக் கடைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்து, டின்னில் கொட்டிக் கட்டிலடியில் வைத்தேன்.

அவருக்கு அதட்டக் குரல் இல்லை, விசிலடிக்க மூச்சும் இல்லை. விரல் மட்டும் மிச்சம் இருந்தது. சும்மா இருக்கும் நேரத்தில் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். நாய் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு. அது பழகியதும் சங்கு ஊதத் தொடங்கும் நொடியில், மூக்கு மேலே போவதற்குள் தட்டினார். அவர் முந்திக்கொண்டால் நாய் கட்டிலுக்கு ஓடி வரும். பிந்திவிட்டால் ஊளைதான். அதற்குத் திட்டமாட்டார், பொறையும் கொடுக்கமாட்டார், முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார்.

தின்று முடித்தபின் மிச்சச் சங்குக்கு ஊளையிட்டுப் பார்த்தது. அவர் துண்டுகளைச் சின்னதாக்கினார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் காக்க வைத்தார், பிறகு இன்னும் கொஞ்சம். நடுச்சாமச் சங்குக்கும் இருமிக்கொண்டே விழித்திருந்தார். நாளாக நாளாக, சங்கு முழுக்க ஓய்ந்த பிறகே பொறை என்று ஆனது. அதுவரை நாய் உட்கார்ந்து அவர் கையையே பார்க்கும். உடம்பு நடுங்கும், தொண்டைக்குள் முனகும், வாயைத் திறக்காது. "நல்ல பய" என்று சொல்லிவிட்டுக் கொடுப்பார்.

அண்ணன் சொன்ன வாரம் வரவில்லை, அறுப்பு வேலை பிடித்துக்கொண்டது. தாமதமாகத்தான் வந்தார், ஆனால் மறக்காமல் சாக்கோடு வந்தார். சங்கு ஊதி ஓய்ந்தது. நாய் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபடி இருந்தது.

"என்னத்தடா செஞ்ச?"

"பொறை குடுத்தேண்ணே."

அண்ணன் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார். இவரும் சிரித்தார். அதற்குப் பிறகு வளவுப் பெண்கள் எட்டிப் பார்ப்பதில்லை. பூ வாங்கப் போகிறவர்கள் வாசலில் நின்று, "அண்ணே, இன்னைக்குத் தேவலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்விக்கு அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் ஊளை அடங்கியதால் நோய் அடங்கிவிடவில்லை. ஒரு விடியற்காலையில், சங்குக்கு முன்பே போய்விட்டார்.

பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். சொந்தத்தில் ஒருத்தி வந்ததும் வராததுமாக, "சோறு போட்டவன் கெடக்கான், ஒரு சத்தம் போடுதா பாரு, நன்றி கெட்டது" என்றாள். ஊளைக்குப் பயந்து சாமிக்குக் காசு முடிந்து வைத்தவளும் அவள்தான்.

பிற்பகல் சங்கு ஊதியது. நாய் எழுந்து பெஞ்சருகே வந்து உட்கார்ந்து, கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்த அந்தக் கையைப் பார்த்தது. அண்ணனுக்குத் தாங்கவில்லை. "அழுடா. இன்னைக்கு அழலாம்டா" என்று கதறினார். நாய் வாயைத் திறக்கவில்லை. சங்கு ஓய்ந்தும் அது எழவில்லை. பொறை இன்னும் வரவில்லையே.

என்னைச் சுற்றிப் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள், எழுந்திருக்க வழியில்லை. "மச்சான், டின்னுல இருக்கு. ஒரு துண்டு குடுங்க" என்றேன். அண்ணன் எடுத்து வந்து நீட்டினார். கை தன் பக்கம் வந்ததும் நாய் உடம்பைச் சுருக்கிக்கொண்டு பெஞ்சுக்கடியில் போய் ஒண்டியது.

"அடிக்க வரலடா. தின்னுடா" என்று தரையில் உட்கார்ந்து கெஞ்சினார். அது வரவேயில்லை. அவர் போட்ட பொறை அங்கேயே கிடந்தது.

எனக்கு அன்று முழுக்க அழுகை வரவில்லை. தூக்கிக்கொண்டு போனபோதும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று என் காதுபடவே பேசினார்கள்.

மறுநாள் காலைச் சங்குக்கு நாய் வெறும் கட்டிலருகே வந்து உட்கார்ந்தது. டின்னை மடியில் வைத்துக்கொண்டு சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். அது என் கையைப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு உடைந்தது. சங்குச் சத்தத்தையும் மீறிக்கொண்டு வாய்விட்டு அலறினேன்.

வளவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஊளையென்று நினைத்து எல்லோரும் நாயைத்தான் எட்டிப் பார்த்தார்கள். அது வாயை மூடிக்கொண்டு, சங்கு ஓயக் காத்திருந்தது.