பாரிவாக்கத்துக்குத் திரும்பிப் போனவர்

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்ட செய்தி, அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் ஷிப்டில் இருந்தபோது வந்தது. கேட்டிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போனில் எங்கள் சேவைச் சங்கத் தலைவர். “அக்கா போயிட்டாங்கப்பா” என்றார். பர்மிஷன் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஆவடி போகிற ரயிலில் உட்கார இடம் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனேன். அடக்கம் முடிந்து நாளாகியும் அந்த நிலை மாறவில்லை. இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். மேடை ஏறிப் பேச என்னால் முடியாது. அக்காவை அறிந்த நண்பர்களுக்காக எழுதித் தருகிறேன்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் எங்கள் சங்கத்தின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். மகளிர் பிரிவு என்றால் அப்போது எங்களுக்கெல்லாம் ஒன்றுதான் பொருள்: வாசலில் பன்னீர் தெளிப்பது, மேடைக்கு டீ கொண்டுவருவது. முதல் கூட்டத்தில் அவருக்கும் பன்னீர்ச் செம்பைக் கொடுத்தார்கள். தெளித்து முடித்தவர், நன்றியுரை நீண்டுகொண்டே போனபோது எழுந்து நின்று, “ஐயா, கம்பளி குடுக்கதா சொன்னீங்க. வாங்க வந்த பெரியவங்க வெயில்ல நிக்காங்க. அவங்களுக்கு மொதல்ல குடுத்துருவோமா?” என்று கேட்டார். பேசிக்கொண்டிருந்தவர் சிரித்துச் சமாளித்தார். அக்கா சிரிக்கவில்லை. கம்பளி மூட்டையை அவரே அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவரோடு வேலை செய்வது எளிதல்ல என்பது உங்களுக்கே தெரியும். எதையும் முடிந்ததாக நினைக்கமாட்டார். ஒரு விதவைப் பெண்ணுக்குத் தையல் மெஷின் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த மாதம் அக்கா அங்கே போய்ப் பார்த்தால், மெஷின்மேல் துணி காயப்போட்டிருந்ததாம். அந்தப் பெண்ணுக்குத் தைக்கவே தெரியாது. “குடுத்தோம், சரி. தைக்கத் தெரியுமான்னு நம்மள்ல ஒருத்தராவது கேட்டோமா தம்பி?” என்றார். அதன்பிறகு அவரே வாரத்தில் சில நாள் போய், ஜாக்கெட் வெட்டச் சொல்லிக்கொடுத்தார்.

பாரிவாக்கம் குப்பம்மாளைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் சிகிச்சை முகாம் நடத்தினோம். புரை விழுந்தவர்களை வேனில் ஏற்றி அனுப்பி, ஆபரேஷன் முடிந்ததும் பச்சைத் துணி கட்டிய கண்ணோடு வீட்டில் கொண்டுவந்து விட்டோம். செய்தித்தாளில் படமும் வந்தது. மறுபரிசோதனை நாளில் எல்லோரும் வந்திருக்க, அக்கா மட்டும் வாசலுக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். “வேன்ல பாட்டுப் பாடிட்டு வந்த பாட்டியக் காணோமே?” தலைவர், “ஒருத்தர்தானேம்மா, வருவாங்க” என்றார்.

“அந்த ஒருத்தரத்தான் கேக்கேன்” என்று சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். குப்பம்மாள் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தார். கட்டுக்குக் கீழே கன்னம் வீங்கியிருந்தது. மருமகள் செல்வி, “சோறு துன்னாம பட்துகினு கீதும்மா. கூப்ட்டா வர மாட்டேன்னுது” என்றார். குப்பம்மாள் முனகினார்: “வலிக்குதுன்னு சொன்னா திருப்பி கத்தி வெப்பாங்கோன்னு பயந்துகினு சும்மா இருந்துட்டேன் தாயீ.”

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளே சீழ் பிடித்திருந்தது. உயிருக்குப் பயமில்லை, அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்றார்கள்.

அடுத்த கூட்டத்தில், மாவட்ட அளவில் எங்கள் முகாமுக்குக் கேடயம் கிடைக்கப்போகிறது என்று அறிவித்தார்கள். அக்கா எழுந்தார். “குப்பம்மா கண்ணு போனதையும் அங்க சொல்லணும்” என்றார். “நல்லது நடந்ததைச் சொல்ற இடத்துல இதெல்லாம் எதுக்கும்மா?” என்றார் தலைவர். “கூட்டிட்டுப் போனது நாம. கொண்டாந்து விட்டதோட போயிட்டோம். சொட்டு மருந்து விட்டாங்களான்னு யாரு போய்ப் பாத்தா?” அவர் பக்கம் பேசியது நான் ஒருவன்தான். இருவரும் தோற்றோம். கேடயம் வாங்கப் போன பஸ்ஸில் அக்கா ஏறவில்லை. அன்றைக்கும் அவர் போனது பாரிவாக்கத்துக்குத்தான்.

அங்கே அவருக்கு வரவேற்பு ஒன்றும் இல்லை. ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். “கண்ணு போச்சு. இப்போ இன்னாத்துக்கு வந்துகினு கீறே? ஊட்டாண்ட வராத” என்று குப்பம்மாள் கத்தினார். அக்கா பழத்தைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். திரும்பும் வழியில், “ஏச்சு வாங்கணும்லா தம்பி. அவங்க வேற யார ஏசுவாங்க?” என்றார். அடுத்த மாதமும் போனார்.

அதன்பிறகு நடந்த முகாம்களில், ஆபரேஷன் ஆனவர்களின் வீட்டுக்கு மறுநாளே போகும் வழக்கத்தை அக்கா ஏற்படுத்தினார். தீர்மானமெல்லாம் எதுவும் போடவில்லை. அவர் போனார், வெட்கப்பட்டு நாங்களும் போனோம். தலைவரும் தன் ஸ்கூட்டரில் வந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

சில வருடம் கழித்து ஒருநாள் செல்வி, அக்காவின் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். அதுவரை நிழலாட்டம் மட்டும் தெரிந்துகொண்டிருந்த மற்றக் கண்ணும் குப்பம்மாளுக்கு அடியோடு மங்கிவிட்டதாம். “அடுப்புல கைய வெச்சுகிச்சும்மா. ஆஸ்பத்திரின்னாலே அடிக்க வருது. நீங்க வந்து சொல்லுங்கோ.”

அக்கா போனார். குப்பம்மாள் முதலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். கடைசியில், “கட்டு அவுக்குற வரிக்கும் என் பக்கத்துலயே குந்தினு இருப்பியா?” என்று கேட்டாராம். “இருக்கேன்” என்று அக்கா சொல்லிவிட்டார்.

பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத மனுஷி, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கணவர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். நான் பார்க்கப் போனபோது குப்பம்மாள் தூக்கத்திலும் அவர் கையைப் பிடித்திருந்தார். அக்கா குரலைத் தாழ்த்தி, “இருப்பே கொள்ளல தம்பி. வெளிய ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னா கைய விட மாட்டேங்கா. இதுவும் போச்சுன்னா நான் யாரு மூஞ்சில முழிப்பேன்?” என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

கட்டு அவிழ்த்தபோது நானும் இருந்தேன். குப்பம்மாள் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அக்காவையே பார்த்தார். “யம்மாடி, இத்தினியூண்டு கீறே! சத்தத்தக் கேட்டு நீ ஆறடி ஆளுன்னு இல்ல நெனச்சுகினு இருந்தேன்!” டாக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் வராந்தாவுக்குப் போய், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார்.

சர்க்கரை அவரைப் படுக்கையில் தள்ளிய பிறகு, போன மாதம் போய்ப் பார்த்தேன். என் குடும்பத்தை விசாரிக்கவில்லை. “பட்டாபிராம்ல ஒரு புள்ளைக்கு காலுக்கு காலிபர் குடுத்தீங்களே, நடக்காளா?” என்றார். போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

நேற்று பட்டாபிராமுக்குப் போனேன். இரும்புப் பட்டியும் தோல் வாரும் வைத்த அந்தக் காலிபர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. “தோல் உராயுதுண்ணே, போட்டா அழுறா” என்றார் அந்தப் பெண்ணின் தாய். அதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, செய்து கொடுத்தவரிடம் கொண்டுபோய், கூடவே இருந்து வார்களை மாற்றி வாங்கினேன். இன்று காலை அவள் அதைப் போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்தாள். மதியம்வரை போட்டிருந்தாளா என்று தெரியவில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தத் தெரியாமையைத்தான். அது என்னைச் சும்மா இருக்க விடாது. நாளைக்கு மறுபடியும் போக வேண்டும்.