நீலம் விலகியதும் தெரிந்த சிவப்பு

அக்காவின் வீடு கொடைக்கானலில் ஏரிக்கு மேலே, சரிவில் இருக்கிறது. பின்னறையில் கண்ணாடித் தொட்டிகள் வைத்து, தங்கமீனில் வெள்ளை வகையை வளர்த்து விற்கிறாள். தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஒத்துப்போகும் என்பதால் அந்தத் தொழிலைப் பிடித்தாள். போனில் படம் எடுத்து அனுப்புவாள். வாங்குகிறவர்கள் சரி என்றால் பையில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள்.

ஒருநாள் பழனியில் மீன்கடை வைத்திருப்பவர் கூப்பிட்டார்.

"படத்துல இளநீலமா இருந்துச்சேங்க. பையப் பிரிச்சா வெறும் வெள்ளை மீனால்ல இருக்கு?"

அவர் கோபமாகப் பேசவில்லை. ஆனாலும் அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தன்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிட்டாரோ என்று மாலைவரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். மண்டப விளக்கில் மஞ்சளாகிப்போன முகங்களைச் சரிசெய்வதுதான் என் சோலி. அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, அடுத்து அனுப்புற படத்துல இந்த நீலத்த எடுத்துக் குடுரா."

தொட்டிக்கு மேல் அவள் மாட்டியிருந்த விளக்கே நீலம். அதை மாற்றலாம் என்றேன். தொட்டிக்குள் இருக்கும் செடி வளர அதுதான் நல்லது என்று மறுத்துவிட்டாள். போதாததற்கு, தொட்டிக்குள் கிடந்த மரக்கட்டை தண்ணீரை லேசாகப் பழுப்பாக்கியிருந்தது. இரண்டு சாயலும் கலந்திருந்ததால் குத்துமதிப்பாகத் திருத்த முடியாது. வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பொருள் படத்துக்குள் வேண்டும். மீனை நம்ப முடியாது. அதன் செதில் சுற்றியிருக்கிற நிறத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரு பீங்கான் சாஸரைத் தொட்டிக்குள் இறக்கிப் படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் சாஸர் வெள்ளையாகும்வரை நீலத்தைக் குறைத்தேன். மீன்களும் வெளுத்தன.

ஒரு தொட்டியின் படம் மட்டும் சரிப்படவில்லை. சாஸர் பால்போல இருந்தது. மீன்களின் வாலில் மெல்லிய சிவப்பு நின்றது. நான்தான் கூடுதலாகத் திருத்திவிட்டேன் என்று நினைத்து முதலிலிருந்து செய்தேன். மறுபடியும் சிவப்பு. அந்தச் சிவப்பை மட்டும் துடைத்துவிடலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் சாஸரில் இல்லாத நிறம் வாலில் எப்படி வரும்?

"அக்கா, அந்த மீன்ல ஒண்ணப் பிடிச்சு வெளியில காட்டு."

"எதுக்கு? நல்லாத்தான நீந்துது."

முனகிக்கொண்டே வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு ஜன்னலோரம் கொண்டுவந்தாள். பனிமூட்டம் விலகியிருந்தது. வால் முழுக்க நூல்போல ரத்தக் கோடுகள். அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மழையில கரண்டு போச்சுல்ல, அப்புறம் இந்தத் தொட்டி பில்டர் ஓடவேயில்ல போல. தண்ணி கெட்டுருக்கு. நீல வெளிச்சத்துல ஒண்ணும் தெரியலடா."

பிறகு அவள் உட்காரவில்லை. மரக்கட்டையை எடுத்தோம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். மோசமாக இருந்த மீன்களைப் பிளாஸ்டிக் டப்பில் பிரித்துவிட்டு, அளவாகக் கல்லுப்பு போட்டாள். வெள்ளனே எழுந்து முதல் வேலையாக டப்பைப் பார்ப்பாள். ஒரு மீன் செத்தது. அதைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்து காபி குடித்தாள். மற்றவற்றின் கோடுகள் மெல்ல மறைந்தன.

பழனிக்காரருக்கு அடுத்து அனுப்ப வைத்திருந்தது அந்தத் தொட்டி மீன்களைத்தான். அவரிடம் அவளே நடந்ததைச் சொன்னாள்.

"நோவு வந்த மீனுங்க. இப்பத் தேறிருச்சு. வேண்டாம்னாலும் சரிதாங்க."

"முழுசாத் தேறட்டும்ங்க. நா காத்திருக்கேன்," என்றார் அவர்.

ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் பையில் கட்டினாள். இந்த முறை பஸ்ஸில் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் அவளும் மலையிறங்கினோம். கீழே வெயில். கடைக்காரர் பைகளைப் பிரிக்காமல் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார், இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகட்டும் என்று. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். மீன்கள் மூலையில் ஒதுங்கி நின்றன. தீனி தூவியதும் ஒன்று மேலே வந்தது.

"தின்னுதுங்க," என்றார்.

அக்கா அப்போதுதான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.