பெரியப்பா ஆட்டோவில் ஏறாத அக்சா

நியூசிலாந்தில் நாங்கள் இருக்கும் சிறிய ஊரில், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடி வருவதில்லை. டீச்சர் வகுப்பு வாசலில் நிற்பார். வெளியே நிற்கும் ஆளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் பிள்ளையின் கையை விடுவார். ஒருநாள் எனக்கு வேலை முடியத் தாமதமானதால், என் மகள் அக்சாவை அழைத்து வர, கூட வேலை செய்யும் நண்பரை அனுப்பினேன். வாரம் தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர் அவர். டீச்சர் அவரை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்தார். “அவர் எனக்கு அண்ணன் மாதிரி” என்றேன். “அண்ணனா, அண்ணன் மாதிரியா?” என்று கேட்டார் டீச்சர். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நம் ஊரில் ‘மாதிரி’ போதும். அங்கே போதாது. அக்சாவும் டீச்சர் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். தெரிந்தவராகவே இருந்தாலும் அப்பாவோ அம்மாவோ தன்னிடம் சொல்லாமல் போகக்கூடாது. யாராவது கையைப் பிடித்து இழுத்தால், “இவர் என் அப்பா இல்லை” என்று உரக்கக் கத்த வேண்டும். அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் வீட்டில் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி வளர்த்தேன்.

பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அங்கே வளர்கிறவர்களுக்கும், இங்கே இருக்கும் அவர்களுடைய அக்கா தம்பிகளுக்கும். நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டியவன். நியூசிலாந்திலும் லேத்துதான் ஓட்டுகிறேன். அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அக்சாவின் பள்ளிக்கு ஏப்ரலில் கொஞ்ச நாள் விடுமுறை. அவள் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நானும் அவளும் மட்டும் சென்னைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான திருமுல்லைவாயிலுக்கு வந்தோம். என் அண்ணன் செல்வராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய மகள் ஜெனிக்குப் பதினோரு வயது, அக்சாவுக்கு ஏழு. எங்கள் திருச்சபையில் வி.பி.எஸ். நடந்துகொண்டிருந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் வேதக் கதையும் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு அது. அக்காளும் தங்கையும் கைகோத்துப் போனார்கள். தினமும் மதியம் நான் போய் அழைத்து வந்தேன்.

இது நடந்த அன்றைக்கு, மனைவி வாங்கிவரச் சொன்ன மூக்குக் கண்ணாடிக்காக அம்பத்தூர் போயிருந்தேன். கடைக்காரர் இதோ அதோ என்று இழுத்தடித்தார். அண்ணனுக்கு போன் போட்டு, “ண்ணா, பசங்கள நீயே கூட்டிட்டுப் போயிடு” என்றேன். “இதுக்கெல்லாம் போனாடா? போன வெய்டா” என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஊர் மண்ணில் கால் வைத்ததுமே, அங்கே நான் கற்றதெல்லாம் என்னைவிட்டுப் போய்விட்டது. சின்ன வயதில் அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் விளையாடப் போய் வழி தெரியாமல் நின்ற என்னை, யாரோ ஒருவர் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கொண்டுவந்து வீட்டில் விட்டார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. அப்படி வளர்ந்தவன், சொந்த அண்ணனிடம் போய், “என் பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் என்னோடு அவளைப் பேச வை” என்று எந்த வாயால் சொல்வேன்? நான் மறந்துபோனேன். அக்சா மறக்கவில்லை.

நான் வருவதற்கு முன் நடந்தது ஜெனி சொல்லித்தான் தெரியும். அண்ணன் சபை வாசலில் ஆட்டோவை நிறுத்தியதும் ஜெனி ஏறிக்கொண்டாள். தெருப் பிள்ளைகளும் ஏறினார்கள். அக்சா மட்டும் சபை கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா கண்ணு, ஏறு. பெரியப்பா கீறேன் இல்ல?”

“அப்பா சொல்லல.”

“அப்பாதாம்மா அனுப்பிச்சான். வா, வெயில்ல நிக்காத.”

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அண்ணன் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, எந்தப் பெரியப்பாவும் செய்கிற மாதிரி, அவளைத் தூக்கினார். அவ்வளவுதான். அவள் பள்ளியில் பழகிய அந்த ஆங்கில வார்த்தைகளை, இவர் என் அப்பா இல்லை என்று, தொண்டை கிழியக் கத்தினாள். ஒருமுறை அல்ல, விடாமல். அந்த அளவு ஆங்கிலம் சபை இருக்கும் சி.டி.எச். ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று செல்போனில் வதந்தி வேறு ஓடிக்கொண்டிருந்த சமயம். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

ரயிலைவிட்டு இறங்கி நடந்து வந்த நான் முதலில் பார்த்தது கும்பலை. யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் ஜெனியின் குரல் கேட்டது. “வுடுங்க! எங்கப்பா அவரு! வுடுங்க!”

“உங்கப்பான்னா அந்தப் பாப்பா ஏன் கத்துது? உன்னியும் சேத்துதான் புட்ச்சினு வந்தானா?” என்றார் ஒருவர்.

“யோவ், சட்டைய வுடு. என் தம்பி கொயந்தைய்யா” என்றார் அண்ணன். அவர் சட்டைக் காலர் ஒருவர் கையில் இருந்தது, தோள் தையல் பிய்ந்து தொங்கியது. இன்னொருவர் கை ஓங்கியிருந்தார்.

“தம்பி கொயந்தன்னா உன்னிய தெரியாதா அதுக்கு?”

நான் உள்ளே பாய்ந்தேன். “நீ யார்ரா நடுவுல?” என்று என் நெஞ்சில் ஒரு கை பதிந்தது. அக்சா என்னைப் பார்த்துவிட்டாள். “அப்பா!” என்று கத்திக்கொண்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஓங்கிய கை இறங்கியது. காலரைப் பிடித்தவர் அதை நீவிவிட்டு, “தப்பா நெனைக்காத அண்ணாத்தே, கொயந்த மேட்டரு” என்றார். பின்னால் யாரோ, “பெத்தவனே வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஏறும் போலகீது” என்று சொல்ல, கும்பல் சிரித்துக்கொண்டே கலைந்தது. அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை கத்தினால் ஓடி வரத்தான் வேண்டும். அண்ணன் கீழே விழுந்த ஆட்டோ சாவியைத் தேடி எடுத்தார். சவாரிக்குத் தினமும் அவர் வண்டி ஓட்டுகிற ரோடு அது.

அன்று சாயங்காலம் வீட்டில் டி.வி. ஓடியது, ஒருவரும் பார்க்கவில்லை. ஜெனி என் முன்னால் வந்து நின்றாள்.

“சித்தப்பா, எங்கப்பா என்ன புள்ள புடிக்கிறவரா?”

“இல்லடா செல்லம். அவளுக்கு அங்க அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கு...”

“யாரு சொல்லிக் கொடுத்தாங்க?”

நான் டி.வி.யை நிறுத்தினேன். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அப்புறம் அக்சா வந்தாள். நான் தப்பு செய்துவிட்டேனா அப்பா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இங்கேதான், பிள்ளைகளே, நான் மாட்டிக்கொண்டேன். தப்பு என்று சொன்னால், நாளைக்கு அங்கே யார் கூப்பிட்டாலும் போய்விடுவாள். சரி என்று சொன்னால், என் அண்ணனைத் தெருவில் நிற்கவைத்து அவமானப்படுத்தியது சரி என்று ஆகிவிடும். அண்ணன் காதில் விழக்கூடாதென்று மெல்ல, ஆங்கிலத்தில், நீ செய்தது சரிதான் என்றேன். திரும்பினால் டீ டம்ளரோடு அண்ணன் நிற்கிறார். அந்த அளவு ஆங்கிலம் அவருக்கும் தெரியும். டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் திட்டியிருந்தால் என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் காலை வி.பி.எஸ். கடைசி நாள். இரண்டு பேருக்கும் பாட்டு இருந்தது. வழக்கமாகத் தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற அண்ணன், அன்றைக்குச் சத்தமில்லாமல் வாசலில் வந்து நின்றார். தேய்த்த சட்டை போட்டிருந்தார். அக்சாவின் முன் குனிந்து, “பாப்பா, இத பார். உங்கப்பா இங்கயே கீறான். கேட்டுக்கலாம்” என்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். என்னைத் தோளில் சுமந்து திருவிழா காட்டிய மனிதர்.

“சொல்லுடா. உன் பொண்ண நான் கூட்டினு போவட்டா?”

அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. “கூட்டிட்டுப் போண்ணா” என்றேன். அக்சாவுக்குக் கேட்கவேண்டுமே என்று இன்னொரு முறையும் உரக்கச் சொன்னேன்.

“அப்பா, நீயும் கம்மிங்?” என்றாள் அக்சா.

செருப்பில் கால் நுழைக்கப் போனேன். அண்ணன் ஆட்டோ கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஏறினால் அவள் ஏறுவாள். ஆனால் அது பெரியப்பாவின் ஆட்டோவில் ஏறியதாக ஆகாது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“இல்லம்மா. பெரியப்பா கூட போ.”

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஆட்டோவுக்குள்ளிருந்து ஜெனி, முகத்தைத் திருப்பாமலேயே, தன் பையை மடியில் எடுத்து வைத்து இடம் விட்டாள். “ஏறினா உள்ள தள்ளி உக்காரு. கீழ வுழுந்தா அதுக்கும் எங்கப்பாவத்தான் அடிப்பாங்க.”

அக்சாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஏறினாள். உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். அண்ணன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வண்டி நகர்ந்ததும் எனக்கு என்ன ஆனதென்று இன்னும் தெரியவில்லை. வெறுங்காலோடு பின்னாலேயே ஓடினேன். என் அண்ணனை எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கால் ஓடியது. முனையில் துணி தேய்க்கிறவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டார், “இன்னா சார், எதுனா வுட்டுட்டாங்களா?”

“ஒண்ணுமில்ல.”

“அப்ப ஏன் இந்த ஓட்டம்?”

ஆட்டோ ரோட்டில் ஏறி வேகம் பிடித்தது. பின்புறத் திரையின் ஓட்டையில் இரண்டு தலைகள் தெரிந்தன, அவற்றில் எது என் பிள்ளையுடையது என்று தெரியவில்லை. தார் காலைச் சுட்டது. வீட்டுக்குத் திரும்பினால் நான் இந்த ஊர்க்காரன், இன்னும் நாலு அடி ஓடினால் அந்த ஊர்க்காரன். ஆட்டோ மறைந்த பிறகும், ஒரு காலை மாற்றி ஒரு காலில், அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.