நனையாத கட்டம்

"இன்னிக்கு யார் வூட்ல வெள்ளம், முசே?"

வாசலில் வரலட்சுமியிடம் இட்லிக்குத் தூக்கை நீட்டும்போதே எதிர்வீட்டு அஞ்சலாட்சி மொட்டைமாடியை அண்ணாந்து கேட்பாள். பிரெஞ்சுக்காரர் காலத்து 'ஐயா'தான் அந்த முசே.

"மொதல்ல ஒன் வூடுதான்!" பதில் குதூகலமாக இறங்கிவரும். மேலே தெய்வநாயகம் சொம்போடு குந்தியிருப்பார்.

மராமத்து இலாகாவில் படம் வரைகிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் சாரம் பேட்டையில் இருக்கும் தங்கள் தெருவை மாடியில் களிமண்ணால் பரப்பிவிடுவார். சுற்றிலும் எல்லைக்குக் கயிறு. உள்ளே கட்டம் கட்டமாகக் கீறல். காலிமனைக்கு உள்ளங்கை அகலம், வாய்க்கால் ஓரம் சுண்டுவிரல் அகலம். தண்ணீர் நிரப்பிய குழாயால் தெருவெங்கும் மட்டம் பார்த்துவந்து, கட்டங்களை ஏற்றி இறக்கியிருப்பார். சுவருள்ள இடமெல்லாம் கீறலின்மேல் விளக்குமாற்றுக் குச்சி.

"ஒரே கட்டத்துல மேடும் பள்ளமும் மாட்டிக்கிச்சின்னா தண்ணி நம்மள ஏமாத்திடும்" என்பார். மேற்கே சொம்பைச் சாய்ப்பார். வாய்க்கால் வழிந்து தெருவுக்குள் தண்ணீர் ஓடும்போது கை தட்டுவார்.

அவர் மனைவி வரலட்சுமிக்கோ சிரிப்பு வராது. ஐப்பசிதோறும் அவள் அடுப்பு மூழ்கும், இட்லி வியாபாரம் படுத்துவிடும்.

"நனையாத எடம் ஒண்ணு காட்டுங்க. அங்க புது அடுப்பு போட்டுக்கறேன்."

தங்கள் களிமண் வீட்டுக்குள்ளும் கட்டம் போட்டார். சொம்பைச் சாய்த்தார். எல்லாம் நனைந்தது, ஒரே ஒரு கட்டம் தவிர. நிஜ வீட்டில் அங்கேதான் அவருடைய சாய்வு நாற்காலி கிடந்தது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு கட்டங்களை இன்னும் சிறிதாக்கினார். அதே இடம். அவள் சட்னி அரைக்கப் போனதும், களிமண் கொல்லையைச் சுற்றிப் புதிதாக ஒரு வரிசைக் குச்சி நட்டார். தண்ணீர் மரியாதையாகத் திரும்பிப் போனது.

"பாத்தியா லட்சுமி? கொல்லைதான் காய்ஞ்சி கெடக்கு."

"அங்க ஏதுங்க சொவரு? அஞ்சலாட்சி கோழி தெனம் அந்த வழியாத்தான வருது?"

"குச்சியப் புடுங்குங்க முசே, எங்கோழிக்கு வழி வுடுங்க!" படியில் நின்ற அஞ்சலாட்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிடுங்கினார். நாற்காலி கொல்லைக்குப் போனது, அதன் இடத்தில் அடுப்பு ஏறியது. அன்றே நாற்காலியின் காலில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவைத்தார்: தண்ணீர் இதுவரைக்கும் வரும்.

டிரான்சிஸ்டர் புயல் சொன்ன மறுநாள் தெருவே மிதந்தது. உள்ளே அடுப்பு ஜம்மென்று எரிந்தது. இட்லிக்கு வாசலில் கூட்டம். கொல்லையில் தெய்வநாயகம் குடையும் இட்லித் தட்டுமாக நாற்காலியில் சாய்ந்து, குனிந்து குனிந்து சாக்கட்டிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மெல்ல ஏறி, கோட்டைத் தொட்டு நின்றது.

குடையைப் போட்டுவிட்டு, கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் கை தட்டினார்.