படகு போகாத நாளில் போட்ட ஊசி

எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டோம். ஆனால் பூனை சின்னுவுக்குச் சர்க்கரை நோய் என்றதும், கால்நடை மருத்துவர் தயிர்சாதத்தை நிறுத்தி, உப்பில்லாமல் வேகவைத்த மீனைக் கொடுக்கச் சொன்னார். சாப்பிட்ட பிறகு இன்சுலின் ஊசி. புதுப்பட்டினத்தில் மீன் விற்கும் செல்வி, எனக்காக மீனை வேகவைத்தே தினமும் கொண்டுவருவாள்.

என் கணவருக்கும் சர்க்கரைதான். அவருக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் இட்லி வைப்பேன். அந்தப் பழக்கத்தில் சின்னுவுக்கும் முதலில் ஊசி, பிறகு மீன் என்றாகிவிட்டது.

ஒருநாள் பலத்த காற்று. படகுகள் கடலுக்குப் போகவில்லை. அது தெரியாமல் ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். தயிர்சாதம் வைத்தேன், சின்னு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கால் பின்னி விழுந்துவிட்டது.

மீன் இல்லை என்று சொல்ல வந்த செல்வி பதறினாள். "இன்னாம்மா, துன்றதுக்கு முன்னாடியே ஊசி போட்டியா? சாருன்னா எது வெச்சாலும் துன்னுடுவாரு. இது பூனைம்மா!"

சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று புரிந்து, பூனையின் ஈறில் தேன் தடவிக்கொண்டே ஆட்டோவில் மருத்துவரிடம் ஓடினோம். சின்னுவின் தலை செல்வியின் மடியில் இருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டது.

அன்று முதல் சின்னு சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தேன். மீன் சாப்பாடு பலித்து, சில மாதங்களில் மருத்துவர் ஊசியையே நிறுத்திவிட்டார். ஆனாலும் தினமும் காலையில் வாசலில் நின்று நான் கேட்கும் முதல் கேள்வி, "செல்வி, இன்னிக்குப் படகு போச்சா?"