அம்மா பேரில் ஒரு முறைப்பாடு

யுத்த காலத்தில் நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக ஓர் ஒழுங்கையில் குடியிருந்தோம். ஒழுங்கையின் தெருவிளக்கு பல மாதமாக எரியவில்லை. கோயிலால் திரும்பும்போது அம்மா ஒருநாள் குழியில் தடுக்கி விழப்பார்த்தார். அரசாங்கம் இப்போது முறைப்பாடுகளை இணையத்திலும் வாங்குகிறது என்று நான் சொன்னதும், நல்ல சேலை உடுத்திக்கொண்டு பிரதான வீதியான காலி வீதியில் இருந்த நெட் கபேக்குப் புறப்பட்டுவிட்டார். அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

திரையில் பெயரும் விலாசமும் கேட்டது. அப்பாவின் முகம் மாறியது. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்துவிட்டு, கதவு தட்டும் சத்தத்துக்குப் பயந்து வாழ்ந்த தமிழர்கள் நாங்கள்.

"நாங்களாப் போய் ஏன் பேரைக் குடுப்பான்?" என்றார்.

"லைட் கேக்கிறதுக்கும் பயமே? என்ரை பேரைப் போடு," என்றார் அம்மா. நான் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினேன்.

அடுத்த கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. அப்பா அடையாள அட்டையோடு போய்த் திறந்தார். வெளியே ஏணியோடு இரண்டு தொழிலாளர்கள் நின்றார்கள். அம்மாவின் பெயரைச் சொல்லி, எந்தக் கம்பம் என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார்கள். அப்பா அடையாள அட்டையை நீட்டியபடியே நின்றார். அம்மாதான் போய்க் காட்டினார். வேலை முடிந்ததும் அவர்களுக்குப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார்.

அன்று பொழுதுபட விளக்கு எரிந்தது. அப்பா வாசலில் நின்று அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை மெதுவாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கழிவுத்தண்ணி ஓடுற கானும் அடைச்சுக் கிடக்கெல்லே. அதையும் எழுதுவமே?"

"ஆற்றை பேரிலை, அப்பா?"

"அம்மான்ரை பேரிலையே போடு. அவவைத்தானே அவையளுக்குத் தெரியும்."