உள்ளங்கையளவு அம்மா

நான் யாழ்ப்பாண நகரில் வெப் டிசைன் வகுப்பில் சேர்ந்த சில வாரங்களில் அம்மா இறந்துபோனார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அடிப்பது எங்கள் வழக்கம். வெளிநாட்டு உறவுகளும் பார்க்கட்டுமே என்று, படித்த அரைகுறையை வைத்து நானே ஓர் இணையப் பக்கமும் செய்தேன்.

கமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் அம்மா சிரித்தபடி இருக்கும் ஒரே படத்தை அதில் போட்டேன். படம் பெரிதென்றால் பக்கம் திறக்கத் தாமதமாகும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் சிறிதாக்கி, அதே பெயரிலேயே சேமித்தேன். பழைய படம் அழிந்தது எனக்கு உறைக்கவேயில்லை. கைபேசியில் இருந்ததையும் இடம் போதாதென்று முன்பே அழித்திருந்தேன்.

கனடாவிலிருந்து அண்ணை அழைத்து, "அம்மா கதைக்கிற மாதிரியே கிடக்கு" என்று அழுதார்.

பிறகு, சுவரில் மாட்டப் பெரிதாக்கலாம் என்று ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். திரையில் அம்மாவின் சிரிப்பு கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது.

"உந்தப் படத்தைப் பெருப்பிக்க ஏலாது தங்கச்சி. முதல் எடுத்த படம் இல்லையோ?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். இப்போது நான் எந்தப் படத்தைத் தொடுமுன்னும் ஒரு பிரதியை வேறிடத்தில் வைத்துவிடுகிறேன்.

அம்மாவை உள்ளங்கையளவில்தான் மாட்டியிருக்கிறோம். "பரவாயில்லை பிள்ளை, நான் கிட்டப் போய்ப் பாக்கிறன்" என்றார் அப்பா. தினமும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரோடு ஒட்டி நிற்கிறார்.